அரைவிலைக்காரர் நீட்டிய கிளாஸ்

தராசு பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு 'அரைவிலை' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. மேலாளரே "அந்த அரைவிலையைக் கூப்பிடுங்க" என்றுதான் ஆள் அனுப்புவார். மனிதருக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. பட்டமளிப்பு விழாவில் கூப்பிட்ட மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போவார்.

மாதத்தில் நான்கு நாள் அவருக்குப் பெருநகரத்தில் வேலை. மளிகைக் கடை, நகைக் கடை, சரக்கு அலுவலகம், ஆஸ்பத்திரி என்று கம்பெனி விற்ற தராசுகள் இருக்கும் இடமெல்லாம் ஏறி இறங்க வேண்டும். மரப்பெட்டியில் கொண்டுபோகும் எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, எண் சரியாக விழுகிறதா என்று பார்த்து, முத்திரை ஒட்டிவிட்டு வர வேண்டும். அந்தப் பித்தளைக் கற்களை அவர் வெறும் விரலால் தொட மாட்டார். விரல் ஈரம் ஒட்டினால் எடை கூடிவிடும் என்பார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைப்பார். அடுத்தவர் தராசில் மயிரிழை கோணல் இருந்தாலும் இருப்புக் கொள்ளாது. தன் பக்கம் ஏதும் கோணல் உண்டா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. அது நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது, விடுங்கள்.

பட்டம் வந்த கதை வேறு. பெருநகரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் சாப்பாட்டில்தான் ஏமாறுவார்கள். பசித்த வயிற்றோடு முதலில் தெரிகிற கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், வாயில் நுழையாத பெயருள்ள எதையோ தின்றுவிட்டு, பில்லைப் பார்த்து விழி பிதுங்கி வெளியே வருவார்கள். நம்மவர் ஒருநாளும் ஏமாந்ததில்லை. வாசலில் சாப்பாட்டுப் படம் ஒட்டியிருந்தால் அவர் உள்ளே போக மாட்டார். மெனு அட்டை வழவழப்பாக இருந்தாலும் போக மாட்டார். மதியம் பன்னிரண்டரைக்குத் தெருமுனையில் நின்றுகொண்டு, மூட்டை தூக்குகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்ப்பார். அவர்களுக்குப் பின்னாலேயே போவார். அப்படிப் பின்தொடர்ந்து அவர் கண்டுபிடித்த பெரிய ரகசியம், அந்த ஊரின் நல்ல சாப்பாடு ஓட்டல்களில் இல்லை, பார்களில் இருக்கிறது என்பதுதான். குடியில் சம்பாதிக்கிற கடைக்காரன் சாப்பாட்டில் கையை இறுக்க மாட்டான். சூடாக, வயிறு நிறைய, கிட்டத்தட்ட அடக்க விலைக்குப் போடுவான்.

இதில் வேடிக்கை, மனிதர் குடிக்க மாட்டார். கொள்கை எல்லாம் இல்லை. இளம் வயதில் நண்பர் வீட்டு விருந்தில் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது, இரண்டு நாள் நெஞ்சு எரிந்தது, அதோடு சரி. மனைவிக்குத்தான் 'பார்' என்ற சொல்லே பிடிக்காது. "ஊர்ல வேற இடமே இல்லையா உங்களுக்கு?" என்று ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் கேட்பாள். தட்டைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்று இவரும் ஒவ்வொரு முறையும் சொல்வார். வீட்டில் அவள் சமைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத வாய், அலுவலகத்தில் பார் சாப்பாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசும். யாராவது நகரத்துக்குப் போனால் காகிதத்தில் வழி வரைந்து கொடுப்பார். இந்தத் தெருவில் மீன், அந்தச் சந்தில் சூப், அதற்கடுத்ததில் போகவே போகாதே என்று.

அந்த வரைபடத்தில் அவர் இரண்டு வட்டம் போட்டு வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. ரயில் சரக்குக் கிடங்கின் பின்சுவரை ஒட்டிய பார். உயரம் குறைந்த கூடம், எண்ணெய் இறங்கிக் கறுத்த மேசைகள், பகலிலும் எரியும் விளக்கு. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் தட்டு நீட்டுவதற்கென்று சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் சமைத்தாள். முகம் சரியாகத் தெரியாது, இரண்டு கைகள்தான் தெரியும். அந்தக் கைகள் வைக்கிற ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போதும், பாதி நாள் அலைந்த களைப்பு போய்விடும். கறி நாரில்லாமல் வெந்திருக்கும், ஆனால் குழைந்திருக்காது. வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கியிருப்பாள். அவசரப்பட்ட கை இல்லை என்று முதல் வாயிலேயே தெரியும்.

அங்கே ஒரு விதி இருந்தது. குடிக்க ஒரு கிளாஸ் வாங்கினால் சாப்பாடு பாதி விலை. கிளாஸ் இல்லையென்றால் முழு விலை. ஒரு கிளாஸ் வாங்குகிறவன் மூன்றில்தான் நிறுத்துவான் என்பது முதலாளியின் அனுபவம். பீருக்குப் பதிலாகச் சோடா கேட்டால் தர மாட்டார். நம்மவர் யோசித்துப் பார்த்தார். கிளாஸோடு சேர்த்து வாங்கினாலும் முழு விலைத் தட்டைவிடக் குறைவாகத்தான் வந்தது. அப்புறம் என்ன, வாங்கினார். வாங்கிய கிளாஸை முதலில் கைகழுவும் தொட்டியில் ஊற்றினார். வாங்கின பொருளைக் கொட்டுவது அவருக்கு என்னவோ செய்தது. பிறகு பக்கத்து மேசையில் இருக்கும் மூட்டைக்காரர்களிடம் நீட்ட ஆரம்பித்தார். அவர்களும் நெஞ்சில் கைவைத்து வாங்கிக்கொண்டார்கள். தனக்கும் லாபம், பிறருக்கும் சந்தோஷம் என்று ஒரு ஏற்பாடு அமைந்தால் மனிதரைக் கையில் பிடிக்க முடியுமா? நூறு பேருக்கு அன்னதானம் செய்தவர் முகத்தோடு வெளியே வருவார்.

அப்படி இருக்கும்போதுதான் பெயின்ட்காரர் வந்தார்.

சுவரோரம் இருக்கும் இரண்டு பேர் மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கால்சட்டையில் ஏழெட்டு வீட்டுச் சுவர்களின் நிறம் தெறித்திருந்தது. மற்ற மேசை எல்லாம் நிறைந்திருந்ததால் நம்மவர் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, அவர் முன்னால் இருந்தது தண்ணீர். அதாவது முழு விலைத் தட்டு. நம்மவருக்கு அங்கேயே உள்ளே ஏதோ இடித்தது. ஒரு மனிதன் தன் கண்ணெதிரே முழு விலை கொடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அது கோணல் தராசைப் பார்த்துவிட்டுக் கடந்து போவது மாதிரி.

இன்னொன்றும் பட்டது. அந்த ஆள் தட்டில் மற்றவர்களுடையதைவிட ஒரு துண்டு கறி கூடுதலாக இருந்தது. முதலாளிக்கு உறவோ என்னவோ என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

விதியை விளக்கிச் சொன்னார். பெயின்ட்காரர் கேட்டுக்கொண்டு, தெரியும் என்பதுபோல் சிரித்தார். எனக்கு வேண்டாம் அண்ணே என்றார். காசில்லாதவன், கூச்சப்படுகிறான் என்று நம்மவர் தீர்மானித்துவிட்டார். தன் கிளாஸை மேசை மேல் மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளினார். நான் குடிக்கிறதில்லை, சும்மாதான் நிற்கிறது என்றார். பெயின்ட்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கிளாஸைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்து எழுந்து போனார்.

மறுநாளும் அதே மேசை. நம்மவரே தேடிப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கும் தள்ளினார், அன்றைக்கும் அவர் மறுத்தார். மறுத்ததோடு எழுந்து போய்விடவில்லை. வேலை எங்கே, குடும்பம் எப்படி என்று பேசினார். நல்ல பேச்சுக்காரர். மூன்றாவது மாடியில் தொங்கிக்கொண்டு ஜன்னல் சட்டத்துக்கு வண்ணம் அடிக்கும்போது, உள்ளே சண்டை போடுகிற கணவன் மனைவி இரண்டு பேரும் தன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கதையைச் சொல்லி, நம்மவருக்குப் புரையேறும்வரை சிரிக்க வைத்தார். இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு கிளாஸ் கொடுக்க முடியவில்லையே என்றுதான் அன்று முழுக்க நம்மவருக்கு ஆதங்கம்.

மூன்றாம் நாள் கொஞ்சம் உரிமை வந்துவிட்டது. கிளாஸைத் தள்ளவில்லை, எடுத்து அவர் கையில் வைத்தார்.

"என்னங்க தம்பி, அண்ணன் கொடுத்தா வாங்க மாட்டீங்களா? வீணாத்தானே போகப்போகுது. ஏன் வேணாம்னு ஒரு காரணம் சொல்லுங்க, விட்டுடறேன்" என்றார்.

பெயின்ட்காரர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் தோன்றியது. பிறகு சொல்லாமல் மூடிக்கொண்டார். கிளாஸைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். நம்மவர் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து நிமிர்ந்து பார்த்தபோது, கிளாஸ் காலியாகி மேசை மேல் இருந்தது. வந்த வேலை முடிந்த திருப்தி அவருக்கு. எங்கோ ஒரு தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் போனபோது பெயின்ட்காரர் அவருக்காகக் காத்திருந்தார். முன்னைவிடக் கலகலப்பு. கிளாஸை நீட்டியதும் வாங்கிக்கொண்டார். நான்கு நாளும் அப்படியே. அதற்கடுத்த மாதம் இவர் போவதற்குள்ளேயே அவர் முன்னால் ஒரு கிளாஸ் இருந்தது, இவருடையது இரண்டாவது ஆனது. கதைகள் நீண்டன, நடுவில் சில சமயம் அறுந்தன. கூடுதல் கறித்துண்டு நின்றுபோயிருந்தது. அதை நம்மவர் கவனித்தார், கவனித்துச் சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்ல வேண்டும். இப்போது எல்லோருக்கும் சமம் என்று நினைத்துக்கொண்டார். சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தார்.

நான்காவது மாதம் மேலாளரும் கூட வந்தார். சரக்கு அலுவலகத்தில் புதுத் தராசு ஒன்றை விற்க வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும், 'உன் இரண்டு வட்டத்தைக் காட்டு, பார்க்கலாம்' என்று மேலாளர் சிரித்தார். நம்மவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வழி நெடுக அந்தக் கறியைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். தட்டு வந்தது. ஒரு வாய் வைத்தார். வெங்காயம் கருகியிருந்தது, கறி செருப்புத் தோல் மாதிரி கிடந்தது, உருளைக்கிழங்கு நடுவில் வேகவில்லை. மேலாளர் மரியாதைக்கு மென்றுகொண்டிருந்தார். நம்மவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து முதலாளியிடம் போய், இது என்ன சமையல் என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டார்.

முதலாளி துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சமையல்காரம்மா வேலையை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. அவள் புருஷன்தான் அந்தச் சுவரோர மேசையில் உட்கார்ந்துகொண்டிருந்த பெயின்ட்காரர். ஒரு காலத்தில் குடித்துக் குடித்து வேலை, வீடு, பல் இரண்டு எல்லாம் போனவர். பதினாலு மாதம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தார். அவள் விடிவதற்குள் சமையலுக்கு வந்துவிடுவாள், திரும்ப ராத்திரி ஆகிவிடும். அதனால் மதியம் அவள் கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று அவர் இங்கே வருவார். குடும்ப விவகாரம் கூடத்துக்கு வரக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்ததால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல இருப்பார்கள். இலவசமாகச் சாப்பிட மாட்டார். முழு விலை கொடுப்பார். சுற்றிலும் எல்லோரும் குடிக்க, நடுவில் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அதுதான் அவர்களுக்குள் நடந்த குடித்தனம்.

"இப்போ மறுபடி ஆரம்பிச்சுட்டார். பெயின்ட் வேலைக்கு அவரை யாரும் ஏணியில ஏத்த மாட்டேங்கறாங்க. அந்தம்மாவால இங்க நிக்க முடியல" என்ற முதலாளி துணியை மடித்து வைத்துவிட்டு, சாதாரணமாக, குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல் சேர்த்துக்கொண்டார். "நீங்கதானே சார் அவர்கூட உட்காருவீங்க? முதல் கிளாஸ் உங்களோடதுதானே?"

மேலாளர் மெல்வதை நிறுத்தினார்.

நம்மவர் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் தெரியாது என்பதுதான் உண்மை என்பதே இன்னும் கேவலமாக இருந்தது. மூன்று நாள் எதிரே உட்கார்ந்தும், தண்ணீர் கிளாஸில் விலையைத் தவிர வேறெதுவும் தெரியாத கண்கள். அந்தம்மா எங்கே போனாள் என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரி கேன்டீனில் என்றார் முதலாளி. திரும்பி வரும்போது மேலாளர் தராசைப் பற்றிப் பேசினார், வானிலையைப் பற்றிப் பேசினார். அந்த நல்ல மனசுதான் நம்மவரை இன்னும் குறுகவைத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தராசு பார்க்கும் வேலை ஏதும் இல்லை. இருந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பெட்டி இல்லாமல் போனால் எதற்கு வந்தோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயம். கேன்டீனில் கூட்டம் அடங்கிய நேரம். அவள் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தை முதல்முறையாக அன்றுதான் பார்த்தார், ஆனால் கைகளை உடனே அடையாளம் தெரிந்தது. அவள் இவரைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினாள். உட்காரச் சொன்னாள். டீ கொண்டுவந்து வைத்தாள்.

சொல்ல வேண்டியதை அவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். கடைசியில், பச்சைப் பிள்ளை பொருளை உடைத்துவிட்டுச் சொல்வதுபோல், "நான்தாம்மா கொடுத்தேன்" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள்.

ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். முதல் நாள் இவர் கிளாஸைத் தள்ளியதையும், புருஷன் மறுத்ததையும் பார்த்தாள். அன்று ராத்திரி வீட்டில் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை, ஆனால் அவளுக்கு உள்ளே அவ்வளவு பெருமை. இரண்டாம் நாளும் மறுத்தார். அன்று கறியில் இரண்டு துண்டு கூட வைத்தாளாம். மூன்றாம் நாள் இவர் கிளாஸைக் கையில் கொடுத்தபோது அவள் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓடி வந்து தட்டி விட்டிருக்கலாம். நாலே அடிதான். வரல. இன்னைக்கும் வேணாம்னு சொல்றாரா பார்க்கலாம்னு நின்னேன்" என்றாள். "உங்க மேல கோவப்பட்டுப் பார்த்தேன். முழுசா வரமாட்டேங்குது. நானும்தானே வேடிக்கை பார்த்தேன்."

அவர் தலை நிமிரவில்லை. யார் கொடுத்தது என்று வீட்டில் கேட்டதாகவும், நானேதான் வாங்கினேன் என்று புருஷன் சாதித்ததாகவும் அவள் சொன்னாள். நேரில் பார்த்தேன் என்று இவளும் சொல்லவில்லை. உங்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்றாள். அதைக் கேட்டதும் அவருக்கு அந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. நேரில் வந்து அவரிடம் மன்னிப்பு கேட்க வேண்டும், கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்றார். அவள் மேசையில் இல்லாத கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டா உங்களுக்குப் பாரம் குறையும். அவருக்கு எப்படியோ தெரியல" என்றாள். பிறகு, நல்லது நடந்தாலும் நடக்கும் என்று தோன்றியதோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மதியம் வாங்க, வீட்டில் இருப்பார் என்று முகவரி சொன்னாள்.

சனிக்கிழமை ரயிலில் ஊருக்குத் திரும்ப வேண்டியவர், மனைவியிடம் வேலை முடியவில்லை என்று பொய் சொல்லிவிட்டுத் தங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பழம் வாங்கிக்கொண்டு போகலாமா என்று கடை வாசலில் நின்றார். அவருக்குப் பழம் கொடுக்க நான் யார் என்று திரும்பினார். அப்புறம் வெறும் கையோடு எப்படிப் போவது என்று மறுபடி போய் வாங்கினார்.

ஒரே அறை வீடு. வாசல் கதவுக்குப் புதுசாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தது, கீழே பாதியில் நின்றுபோயிருந்தது. பெயின்ட்காரர் கதவைத் திறந்தார். தலைவாரி, சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். காலையிலிருந்து தொடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வியர்வை. ஆனால் இவரைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதைத் தாங்கிக்கொள்ள இவரால் முடியவில்லை.

"வாங்கண்ணே, வாங்க. நம்ம வீட்டைத் தேடி வந்துட்டீங்களே" என்று நாற்காலியைத் தட்டிப் போட்டார். அண்ணன் வருகிறார் என்று மட்டும்தான் மனைவி சொல்லியிருந்தாள் போலும். எதற்கு வருகிறார் என்பதை அவள் சொல்லவில்லை. பெயின்ட்காரர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, பழைய உற்சாகத்தோடு ஒரு கதையை ஆரம்பித்தார். யாரோ ஒரு வீட்டுக்காரர் தூங்கும் நாயின் வாலோடு சேர்த்துத் தூணுக்கு வண்ணம் அடிக்கச் சொன்ன கதை. நன்றாகத்தான் சொன்னார். நம்மவர் சிரித்திருக்க வேண்டும். சிரித்து, டீ குடித்து, வருகிறேன் தம்பி என்று எழுந்து போயிருந்தால் போதும். டீயை மேசையில் வைத்துவிட்டு, சமையல்காரம்மா அடுப்பருகே நின்று அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையும் அதைத்தான் சொன்னது. அவருக்கு அது புரிந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த பாறாங்கல் அவரைச் சும்மா விடவில்லை.

கதையின் நடுவிலேயே குறுக்கிட்டார்.

"தம்பி, எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்ததும், விட்டதும், எதுவுமே தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தக் கிளாஸை உங்க பக்கம் திருப்பிக்கூட வச்சிருக்க மாட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

பெயின்ட்காரர் சொல்லிக்கொண்டிருந்த கதை அப்படியே நின்றது. மனைவியைப் பார்த்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"எல்லாம் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

நம்மவர் தலையசைத்தார்.

பிறகு பெயின்ட்காரர் பேசினார். கோபமாக இல்லை. விலை போகாத பொருளைப் பற்றிப் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினார்.

"இந்த ஊர்ல எங்க போனாலும் என் கிளாஸ்ல இருக்கறது தண்ணிதானான்னு பார்ப்பாங்கண்ணே. முதலாளி பார்ப்பார், மேஸ்திரி பார்ப்பார், இவளும் அந்த ஜன்னல் வழியா பார்ப்பா. நீங்க ஒருத்தர்தான் என்னை ஒண்ணும் இல்லாத சாதா மனுஷனா நினைச்சுப் பேசினீங்க. மூணாவது நாள் காரணம் கேட்டீங்க. சொன்னா நீங்களும் அப்படிப் பார்ப்பீங்கன்னு தோணுச்சு. சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதைவிடக் குடிச்சிடறது சுலபமா இருந்துச்சு."

நம்மவர் தெரியாமல் கொடுத்தேன் என்று எதைத் தன் பக்கத்து நியாயமாகக் கொண்டுவந்தாரோ, அந்தத் தெரியாமையைத்தான் இந்த மனிதர் பொக்கிஷம் மாதிரிக் காப்பாற்றி வைத்திருந்தார். வீட்டில் பொய் சொல்லியாவது காப்பாற்றினார். சட்டை மாற்றி, சவரம் செய்து, காலையிலிருந்து தாக்குப்பிடித்து உட்கார்ந்திருந்ததும் அதற்காகத்தான். பழப்பை மடியில் கனத்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லண்ணே, டீ ஆறுது, குடிங்க" என்றார் பெயின்ட்காரர்.

சொல்லிவிட்டு, அதுவரை மேசைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த இரண்டு கைகளையும், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல், வெளியே எடுத்து மேசை மேல் வைத்தார். அவை நடுங்கிக்கொண்டிருந்தன.